கல்லில் கிடைத்த சிறகுக்குப் பெயர் வைப்பது

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாட்டி வீட்டு விளக்கடியில் ஈசல் கொட்டும். நெய்வேலிக்குப் பக்கத்துக் கிராமம். அண்டாவில் தண்ணீர் வைத்து, மேலே விளக்கைத் தொங்கவிட்டுப் பிடிப்பார்கள். மறுநாள் வெயிலில் காய்ந்ததும் பாட்டி முறத்தில் அள்ளிப் புடைப்பார். உடம்பு முறத்தில் தங்கும். சிறகு காற்றில் பறந்து வாசல் குட்டையில் போய் மிதக்கும். உடம்பை அரிசியோடு வறுத்துத் தின்றுவிடுவோம். சிறகை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்போது என் பிழைப்பே அந்தச் சிறகுதான். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருந்துகொண்டு, கல்லில் பதிந்த பூச்சிச் சிறகுகளை வரைந்து, அளந்து, பெயர் தேடுகிறேன். பறவையோ சிலந்தியோ பூச்சியைப் பிடித்தால் பாட்டி செய்ததைத்தான் செய்கிறது: உடம்பைத் தின்கிறது, சிறகை உதறுகிறது. சிறகு எளிதில் அழுகாது; மிதந்து போய் எங்காவது சேற்றில் ஒதுங்கும். அதனால்தான் பல பாறைகளில் முழுப் பூச்சி அபூர்வம், ஒற்றைச் சிறகு சாதாரணம். அந்த ஒற்றைச் சிறகை வைத்து ‘இது புது இனம்’ என்று சொல்ல என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

என் உதாரணங்கள் பெரும்பாலும் கரப்பான் வகையாக இருக்கும். ஹாலேக்குப் பக்கத்தில் சாலே ஆற்றங்கரையில் வெட்டின் என்று ஓர் ஊர். அங்கே பழைய நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வந்த சாம்பல்நிறக் களிக்கல்லில் சுமார் 30 கோடி ஆண்டுப் பழைய சிறகுகள் உண்டு. 1840களிலேயே ஜெர்மார் என்ற பூச்சி அறிஞர் அவற்றைப் படம் போட்டு வெளியிட்டார். பார்க்கக் கரப்பான் மாதிரி இருந்தாலும் அவை இன்றைய கரப்பான் அல்ல. கரப்பான், கும்பிடுபூச்சி, கரையான் எல்லாம் கிளைத்து வந்த பழைய வம்சம். கரையானுக்குச் சிறகு முளைத்தால் ஈசல். ஆக, பாட்டியின் முறமும் என் மேசையும் ஒரே குடும்பத்தோடுதான் மல்லுக்கட்டியிருக்கின்றன.

முதலில், அது சிறகுதானா?

சிரிக்க வேண்டாம். 1961இல் ரஷ்யப் பூச்சியியல் அறிஞர் ரோடெண்டார்ஃப், வெட்டின் கற்களைவிடப் பழைய டெவோனியன் காலப் பாறையிலிருந்து ‘எயோப்டெரம் டெவோனிகம்’ என்று ஒரு சிறகுக்குப் பெயர் வைத்தார். உலகத்தின் மிகப் பழைய சிறகு என்று பேச்சு. 1972இல் அவரே, அது பூச்சியே அல்ல, இறால் நண்டு இனத்தைச் சேர்ந்த ஒன்றின் மிச்சம் என்று எழுதினார். தன் தவறைத் தானே அச்சில் திருத்தியதற்காக அந்த மனிதர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. அவ்வளவு அனுபவம் உள்ளவருக்கே கண் ஏமாறியிருக்கிறது.

நிலக்கரிப் பாறைகளில் இன்னொரு தொல்லை, பெரணி மாதிரியான செடிகளின் இலைத்துணுக்குகள். கரப்பான் வகையின் முன்சிறகும் அந்த இலையும் அளவிலும் வடிவிலும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிரித்துப் பார்க்க நான் செய்வது இது: குருத்துப் பனையோலையை நினைத்துக்கொள்ளுங்கள். மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று மடிப்பு மடிப்பாக இருக்கும் இல்லையா? பூச்சிச் சிறகும் அப்படித்தான். சில நரம்புகள் மேட்டில் ஓடும், சில பள்ளத்தில் ஓடும். மெல்லிய தோல் வளையாமல் நிற்பது அந்த மடிப்பால்தான். பெரணித் துணுக்கில் நரம்புகள் பெரும்பாலும் ஒரே மட்டத்தில், ஒரே மாதிரிக் கவை கவையாகப் பிரிந்து போகும். அதோடு, கரப்பான் வகையில் சிறகின் அடிப்பக்கம் பின்விளிம்பை நோக்கி வில்லாக வளைந்த ஆழமான ஒரு பள்ளக் கோடு இருக்கும். அந்த வில் தெரிந்துவிட்டால் இலையா என்ற சந்தேகம் தீர்ந்தது.

விளக்கும் கடுகும்

மேடு பள்ளத்தைப் பார்க்க விளக்கு தாழ்வாக, சாய்வாக விழ வேண்டும். உச்சியிலிருந்து அடித்தால் கல் தட்டையாகத் தெரியும். இதிலே நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். ஒரு சிறகை மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். பள்ளத்தில் இருக்க வேண்டிய சப்காஸ்டா என்ற நரம்பு மேட்டில் இருந்தது. மேட்டில் இருக்க வேண்டிய ரேடியஸ் என்ற நரம்பு பள்ளத்தில். நோட்டில் ‘புதுக் குடும்பம்??’ என்று இரண்டு கேள்விக்குறி போட்டு எழுதினேன். சேகரிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் காபிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கீழ்வலது மூலையில் நான் வைத்திருந்த விளக்கைத் தூக்கி மேலிடது மூலையில் வைத்தார். என் கண் முன்னாலேயே மேடெல்லாம் பள்ளமாயிற்று, பள்ளமெல்லாம் மேடாயிற்று. “இப்போது பாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். புதுக் குடும்பமும் அவரோடு போய்விட்டது.

வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை பழகியிருக்கிறது. கீழிருந்து அடித்தால் தலைகீழாகப் படித்துக்கொள்கிறது. அதனால் விளக்கு எப்போதும் மேல் இடது மூலை. வெளியிடும் படத்திலும் அதுவே வழக்கம். அன்றிலிருந்து இன்னொரு பழக்கமும் உண்டு: படம் எடுக்கும்போது கல்லின் ஓரத்தில் ஒரு கடுகை வைத்துவிடுவேன். கடுகு குழியாகத் தெரிந்தால் என் கண் ஏமாறுகிறது என்று அர்த்தம். படத்தைக் கடைசியில் வெட்டும்போது கடுகு போய்விடும்.

விளக்கைச் சரியாக வைத்தும் மேடு பள்ளம் தலைகீழாக இருந்தால், நீங்கள் பார்ப்பது சிறகின் மேற்பரப்பு அல்ல, அதன் அச்சு. அல்லது சிறகின் அடிப்பக்கம். கல்லைப் பிளந்தால் இரண்டு பாதி கிடைக்கும். ஒன்றில் மேடு என்றால் மற்றதில் பள்ளம். அந்த வில் கோடு மேற்பக்கத்தில் எப்போதும் பள்ளம்தான் என்பதை வைத்து எது எது என்று முடிவு செய்யுங்கள். இரண்டு பாதியையும் படம் எடுங்கள். ஒன்றில் உதிர்ந்த நரம்பு மற்றதில் இருக்கும்.

எத்தனால் இரண்டு சொட்டு விட்டால் கறுப்புக் கல்லில் நரம்பு பளிச்சென்று தெரியும், நிமிஷத்தில் ஆவியாகிவிடும். தண்ணீர் வேண்டாம், களிக்கல் ஊறி வெடிக்கும். எத்தனாலிலும் ஒரு ஆபத்து உண்டு. பழைய சேகரிப்பாளர்கள் கல்லுக்கு அரக்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள், அது கரைந்து நரம்போடு சேர்ந்து வரும். எனக்கு நடந்தது வேறு: சொட்டு வழிந்து, கல்லின் ஓரத்தில் ஒட்டியிருந்த நூறு வருஷத்து லேபிள் மை கலைந்து போயிற்று. எண்ணின் கடைசி இலக்கம் 3ஆ 8ஆ என்று பழைய பதிவேட்டில் தேட இரண்டு வாரம். முதலில் லேபிளைப் படம் எடுங்கள். அப்புறம்தான் மற்றது.

வரைதல்

புகைப்படம் போதாதா என்று கேட்பார்கள். போதாது. புகைப்படம் எல்லாவற்றையும் காட்டும்; எது நரம்பு, எது விரிசல், எது மேலே கிடக்கும் வேறொரு சிறகின் நரம்பு என்று சொல்லாது. வரைந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

நுண்ணோக்கியில் வரைகுழாய் இருந்தால் நேரடியாகக் காகிதத்தில் வரையலாம். இல்லையென்றால் வெவ்வேறு பக்கம் வெளிச்சம் அடித்து நாலைந்து படம் எடுத்து, கணினியில் அடுக்கி, இங்க்ஸ்கேப் மாதிரி ஒரு இலவச மென்பொருளில் மேலே கோடு இழுக்கலாம். கண்ணால் பார்த்தது முழுக்கோடு. இப்படிப் போயிருக்கும் என்று ஊகித்தது புள்ளிக்கோடு. பார்க்காததை முழுக்கோடாகப் போட்டால் அடுத்த நூறு வருஷத்துக்கு எல்லோரும் அதை நம்புவார்கள். வரைந்த படத்தை ஒளித்து வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி முதலிலிருந்து வரையுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எங்கே பொருந்தவில்லையோ அங்கே நீங்கள் நிச்சயமாக இல்லை என்று பொருள். அளவுகோல் போட மறந்த படம் குப்பைக்குத்தான்.

நரம்புகளின் பெயர் முன்விளிம்பிலிருந்து வரிசையாக: காஸ்டா, சப்காஸ்டா, ரேடியஸ், மீடியா, க்யூபிட்டஸ், கடைசியில் ஏனல் நரம்புகள். நான் வில் கோடு என்று சொன்னது பின் க்யூபிட்டஸ். எல்லாப் பூச்சிச் சிறகும் ஒரே அடிப்படைத் திட்டத்திலிருந்து வந்தது என்று சொல்லி இந்தப் பெயர் முறையை 1898–99இல் பரப்பியவர்கள் அமெரிக்காவின் காம்ஸ்டாக்கும் நீதமும். அதற்கு முன் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் சண்டை முழுசாகத் தீரவில்லை. எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்று கட்டுரையில் ஒரு வரி எழுதுங்கள். நரம்பை நுனியிலிருந்து அடையாளம் காணப் பார்க்காதீர்கள். அடியில் எதிலிருந்து கிளம்புகிறது என்பதுதான் அதன் பெயரைத் தீர்மானிக்கும். அடிப்பகுதி உடைந்துபோன சிறகை நான் பெரும்பாலும் அப்படியே பெட்டியில் திருப்பி வைத்துவிடுவேன்.

புதுசா, இல்லையா?

இங்கேதான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன். என் முதல் கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பியது. தெரிந்த இனத்தைவிட மீடியாவில் இரண்டு கிளை கூடுதல் என்று நான் எழுதியிருந்தேன். மதிப்பிட்டவர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: “இன்று உயிரோடு இருக்கும் ஒரு கரப்பானின் இரண்டு சிறகுகளிலும் கிளைகளை எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?” கோபம் வந்தது. எண்ணிப் பார்க்கவில்லை என்பதால் வந்த கோபம்.

அந்த வருஷம் ஊருக்குப் போனபோது சாக்கடை மூடியைத் திறந்து வைத்துக் கரப்பான் பிடித்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஊர்ல எல்லாரும் அடிச்சுக் குப்பைல போடுறாங்க, நீ டப்பால போட்டு மூடி வைக்கிறியேடி!” முன்சிறகுகளைக் கழற்றி, எத்தனாலில் ஊறவைத்து, இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் அழுத்தி, சாதாரண ஸ்கேனரில் உச்சத் தெளிவில் படம் எடுத்தேன். ஒரே பூச்சியின் இடது சிறகில் மீடியாவுக்கு இருந்த கிளை எண்ணிக்கை வலதில் இல்லை. கிளை பிரியும் இடமும் கொஞ்சம் முன்னே பின்னே. ஆனால் சில விஷயம் சிறகுக்குச் சிறகு மாறவே இல்லை: சப்காஸ்டா எவ்வளவு தூரம் ஓடி விளிம்பைத் தொடுகிறது, பின் க்யூபிட்டஸ் எப்படி வளைகிறது, எந்த நரம்பு எந்த நரம்போடு அடியில் ஒட்டிக் கிடக்கிறது. புது இனத்துக்கு வழக்காட வேண்டுமென்றால் இந்த இரண்டாவது வகையை வைத்துத்தான் வழக்காட வேண்டும். கிளை எண்ணிக்கை, குறுக்கு நரம்பு எண்ணிக்கை, நீளத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் எல்லாம் சாட்சிக் கூண்டில் நிற்காது.

நீங்களும் இதைச் செய்துவிட்டு வாருங்கள். கரப்பான் பிடிக்கவில்லையென்றால் மழைக்கு மறுநாள் ஈசல் சிறகு இருபது பொறுக்குங்கள். காசும் இல்லை, அம்மாவின் திட்டும் இல்லை. இருபதையும் வரைந்து முடித்த கை அதற்குப் பிறகு லேசில் ‘புதுசு’ என்று எழுதாது.

அதற்குப் பிறகும் சில சந்தேகங்களைத் தீர்க்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது முன்சிறகா, பின்சிறகா? கரப்பான் வகையின் பின்சிறகு மெல்லியது, பின்பக்கம் விசிறி மாதிரி அகன்று மடிந்திருக்கும். முன்சிறகு மட்டும் தெரிந்த ஓர் இனத்தின் பின்சிறகுக்குத் தனிப் பெயர் வைத்துவிடக் கூடாது. ஆணா, பெண்ணா? இன்றைய கீழைக் கரப்பானில் ஆணுக்கு வயிற்றின் பெரும்பகுதியை மூடும் சிறகு, பெண்ணுக்கு மொட்டு மாதிரிச் சின்னச் சிறகு மட்டும். கல்லுக்குள் போன பிறகு இழுபட்டதா? மலை அழுத்தத்தில் பாறை நசுங்கும்போது சிறகும் நசுங்கும். ஒரே பலகையில் வெவ்வேறு திசையில் கிடக்கும் சிறகுகளைப் பாருங்கள். ஒரு திசையில் கிடப்பதெல்லாம் ஒல்லி, குறுக்கே கிடப்பதெல்லாம் குண்டு என்றால் அது இன வேறுபாடு அல்ல, பாறை செய்த வேலை. அந்த மாதிரி இடங்களில் நீள அகல விகிதத்தைச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

இதையெல்லாம் பழைய ஆட்கள் பார்க்கவில்லை. கிடைத்த ஒவ்வொரு சிறகுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். 1906–08இல் ஹாண்ட்லிர்ஷ் என்ற பூச்சி அறிஞர் தொகுத்த புதைபடிவப் பூச்சிகளின் பெரும் தொகுப்பைப் புரட்டினால் ஒரே சுரங்கத்திலிருந்து வரிசை வரிசையாகக் கரப்பான் பெயர்கள். அவற்றில் எது நிற்கும், எது விழும் என்று இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெயர் கூடினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைக்கலாம். ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் நகர ஆய்வாளர் யோர்க் ஷ்னைடர் இந்த வகைச் சிறகுகளில் ஒரு குடும்பத்தை வைத்தே பாறை அடுக்குகளுக்கு வயது வரிசை அமைத்தார். ஒரே இனத்தை இரண்டாகப் பிரித்தால், ஒரே வயதுள்ள இரண்டு அடுக்கை வேறு வேறு என்று சொல்லவும் நேரும்.

ஆகவே ஒப்பிடுவதற்குச் சோம்பல்படாதீர்கள். பழைய நூல்கள் பெரும்பாலும் உயிர்ப்பன்மை மரபு நூலகம் (Biodiversity Heritage Library) என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். எட்னா என்ற புதைபடிவப் பூச்சித் தரவுத்தளத்தில் பெயர்களைத் தேடலாம். ஆனால் பழைய கல்லச்சுப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். ஓவியர்கள் உடைந்த சிறகை முழுசாக்கி அழகு பார்த்திருப்பார்கள். அசல் கல் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டால் பெரும்பாலும் படம் எடுத்து அனுப்புவார்கள். முடிந்தால் நேரில் போங்கள்.

ஒரே ஒரு கல்லை வைத்துப் பெயர் வைக்கவே கூடாதா? வைக்கலாம். ஜெர்மனியின் பிட்டர்ஃபெல்ட் பக்கத்தில் ஆழத்துளை போட்டு எடுத்த பாறைத் தண்டில் ஒரு பூச்சி அகப்பட்டது. 32 கோடி ஆண்டுக்கு மேல் பழையது. சிறகுள்ள பூச்சிகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. 1996இல் பிரவுக்மன் என்ற ஆய்வாளரும் ஷ்னைடரும் அதற்கு ‘டெலிட்ஷாலா பிட்டர்ஃபெல்டென்சிஸ்’ என்று பெயரிட்டார்கள். அந்த ஆழத்தில் இன்னொன்று வரும் என்று காத்திருக்க முடியுமா? வெட்டின் மாதிரிப் பெட்டி பெட்டியாகச் சிறகு இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம் என்கிறேன்.

எழுதுவதும் பெயரும்

‘மற்ற இனங்களைவிடச் சற்றே அகலமானது, கிளைகள் அதிகம்’ என்பது வேறுபடுத்தும் குறிப்பு அல்ல. ‘சப்காஸ்டா சிறகு நீளத்தில் பாதியைத் தாண்டுவதில்லை, ரேடியஸின் முதல் கிளை மீடியாவின் முதல் கிளைக்கு முன்பே பிரிகிறது, இந்த இரண்டும் சேர்ந்து இதே பேரினத்தின் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வேறெந்த இனத்திலும் இல்லை’ என்பது குறிப்பு. மூன்று வரிக்குள் முடியுங்கள். விவரணையில் அதற்குப் பிறகு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள்.

விலங்குகளுக்குப் பெயரிட ஒரு சர்வதேசச் சட்டத்தொகுப்பு இருக்கிறது, புதைபடிவத்துக்கும் அதுதான். 1999க்குப் பிறகு வெளியான பெயர் என்றால், புதியது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஹோலோடைப் எது, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மாதிரி எது என்று ஒற்றைக் கல்லைச் சுட்ட வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் எந்த ஊரில் இருக்கிறது என்று எழுத வேண்டும். மின்னிதழில் மட்டும் வருவதானால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஸூபேங்கில் (ZooBank) பதிவு செய்து, பதிவு எண்ணைக் கட்டுரைக்குள் போட வேண்டும். இல்லையென்றால் பெயர் செல்லாது. பேரினமும் புதிது என்றால் அதற்கு அடையாளமாக நிற்கும் ஒரு வகைமாதிரி இனத்தைக் குறிப்பிடுங்கள். அந்தப் பேரினப் பெயர் வேறெந்த விலங்குக்கும், வண்டோ மீனோ, ஏற்கெனவே இருக்கக் கூடாது. செடிக்கு இருந்தால் பரவாயில்லை.

எழுத்து லத்தீன் எழுத்தாக இருக்க வேண்டுமே தவிர, சொல் தமிழாக இருக்கத் தடையில்லை. பெயரடை என்றால் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப ஈறு மாறும்; ‘ப்ளாட்டா’ என்று முடியும் பேரினம் பெண்பால். ஒரு ஆணின் பெயர் என்றால் கடைசியில் ‘i’ என்ற எழுத்து, பெண் என்றால் ‘ae’ என்ற இரண்டு எழுத்து. உங்கள் பெயரை நீங்களே வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடையில்லை, ஆனால் வைத்தவரை மாநாட்டுக்கு மாநாடு பேசிச் சிரிப்பார்கள். கல்லைக் கண்டெடுத்துக் கொடுத்தவர் பெயரை வையுங்கள். பிரான்சின் கொமாந்த்ரியில் நிலக்கரிச் சுரங்கத்தை நிர்வகித்தவர் ஆன்ரி ஃபயோல். எம்பிஏ பாடத்தில் வருகிற அதே ஃபயோல்தான். அந்தச் சுரங்கத்தில் சேர்த்து வைத்த பூச்சிகள் ப்ரோன்யார் என்ற பிரெஞ்சு அறிஞரின் கைக்குப் போய்த்தான், தட்டானைப் போன்ற ராட்சதப் பூச்சியான மெகனியூரா 1885இல் பெயர் பெற்றது. கல்லை யாரும் பத்திரப்படுத்தாமல் விட்டிருந்தால் அது அடுப்புக்குப் போயிருக்கும்.

கட்டுரை வெளியான அன்றே செய்ய ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஹோலோடைப்புக்குச் சிவப்பு லேபிள் எழுதுங்கள். எண்ணைக் கல்லிலேயே, இரண்டு பாதியிலும், எத்தனாலுக்குக் கரையாத மையில் எழுதுங்கள். பிறகு இரண்டு பாதியையும் ஒரே பெட்டியில் வையுங்கள். வெவ்வேறு இழுப்பறைக்குப் போய்விட்டால், ஐம்பது வருஷம் கழித்து இன்னொருத்தி விளக்கை வலது மூலையில் வைத்துக்கொண்டு அடுத்த பாதிக்கு வேறு பெயர் தேடிக்கொண்டிருப்பாள்.